தெளிஞ்ச வெள்ளமெல்லாம் நல்ல வெள்ளமா? - நாஞ்சில் நாட்டில் ஒரு தண்ணீர்ப் பயணம்

"வெள்ளம் குடிக்கியளா?"

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சாயாக் கடையில் அந்த அக்கா கேட்டபோது ஒரு நொடி திகைத்தேன். சென்னைவாசிகளுக்கு வெள்ளம் என்றால் 2015 டிசம்பர்தான் ஞாபகம் வரும். குமரி மாவட்டத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்கிற தண்ணீர்.

இரவு முழுக்க ரயிலில் வந்த களைப்பு. தலையாட்டினேன். ஒரு பெரிய பாத்திரத்திலிருந்து ஆவி பறக்க, வெளிர் மஞ்சள் நிறத்தில் சீரக வெள்ளம் முகந்தார் அக்கா. மழை தூறும் காலை நேரத்தில் அந்த வாசனையே பாதிக் களைப்பைப் போக்கியது. அடுத்ததாக அவர் கை, பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் குடத்துக்குப் போனது.

"ரொம்ப சூடா இருக்கும் மக்ளே. கொஞ்சம் பச்சவெள்ளம் ஊத்தித் தாறேன்."

"வேண்டாம்க்கா! அப்படியே கொடுங்க. ஊதி ஊதிக் குடிச்சுக்கிறேன்."

என் குரலில் இருந்த அவசரத்தைப் பார்த்து அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு கை பச்சைத் தண்ணீரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆறு வாரம், ஐந்து கிலோ

கடந்த டிசம்பரில் தோழியின் கல்யாணத்துக்காக இதே ஊருக்கு வந்திருந்தேன். மூன்று நாள் கொண்டாட்டம். கல்யாணச் சாப்பாட்டில் அவியலும் எரிசேரியும், மறுநாள் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும், மாலையில் அருவிக் குளியல். சந்தோஷமாகச் சென்னை திரும்பினேன்.

பத்து நாள் கழித்து ஆரம்பித்தது. முதலில் வயிறு உப்புசம். பிறகு அழுகிய முட்டை நாற்றத்தோடு ஏப்பம். அதன் பிறகு தினமும் நான்கைந்து முறை கழிவறை. காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை. ஆனால் மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்தக் கூச்சம்தான் என்னை ஆறு வாரம் அலைய வைத்தது என்பதால் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் எல்லோரும் ஒரே குரலில், "அங்க போய் கிழங்கு தின்னல்ல, அதான்" என்றார்கள். நான் போனைத் திறந்தேன். 'குடல் ஆரோக்கியம்' என்று தேடிய அடுத்த நிமிடத்திலிருந்து ரீல்ஸ் வரிசை கட்டியது. கோதுமையை நிறுத்து, பாலை நிறுத்து, காலையில் இதைக் குடி, இரவில் அதைக் குடி. எல்லாவற்றையும் செய்தேன். தயிரும் பழங்கஞ்சியும் மாறி மாறிச் சாப்பிட்டேன். புரோபயாட்டிக் பாக்கெட்டுகளுக்குக் கணிசமாகச் செலவழித்தேன். எடை ஐந்து கிலோ குறைந்தது. அலுவலகத்தில் "டயட்டா? சூப்பரா இருக்க" என்றார்கள்.

கடைசியில் ஒரு மருத்துவர், "மலப் பரிசோதனை செய்தீர்களா?" என்று கேட்டார். யாருமே அதுவரை கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஒரு சின்ன டப்பாவைக் கைப்பையில் மறைத்து எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. "இது தினமும் வெளியே வராது. வேற நாள் இன்னொரு தடவை கொண்டு வாங்க" என்றார் ஆய்வகப் பணியாளர். இரண்டாவது முறை மைக்ராஸ்கோப்பில் சிக்கியது. ரிப்போர்ட்டில் ஒரே ஒரு பெயர்: ஜியார்டியா.

சில நாள் மாத்திரையில் அடங்கிவிட்டது. பால் மட்டும் இன்னும் ஒரு மாதம் ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கே தொற்றியது? யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கிருமி உடலுக்குள் போய் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அந்த மூன்று வாரத்தில் நான் குமரியில் அருவித் தண்ணீரைக் குடித்திருக்கிறேன். சென்னையில் தள்ளுவண்டிப் பானிபூரியும் ஐஸ் போட்ட ஜூஸும் சாப்பிட்டிருக்கிறேன். கேன் தண்ணீரும் குடித்திருக்கிறேன். அதனால் நான் குற்றவாளியைத் தேடி மறுபடி இங்கே வரவில்லை. தண்ணீருக்குப் பஞ்சமில்லாத ஒரு ஊரில், அந்தத் தண்ணீர் வாய்க்கு வந்து சேரும் வழியைப் பார்க்கத்தான் வந்தேன்.

இரண்டு கண்ணும் எட்டு இழையும்

பயணம் தொடங்கும் முன், இந்த விருந்தாளியைக் கொஞ்சம் அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

1681-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் அந்தோனி வான் லீவன்ஹுக் என்ற துணி வியாபாரிக்கு வயிற்றுப்போக்கு வந்தது. தானே தேய்த்துச் செய்த லென்ஸ்களால் கிடைத்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். தன் மலத்தையும் எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தார். உள்ளே குட்டி உயிரினங்கள் துறுதுறுவென்று நீந்தின. அவர் பார்த்தது ஜியார்டியாவைத்தான் என்று இன்றைய அறிவியலாளர்கள் கருதுகிறார்கள். ஆக, கூச்சப்படாமல் மலப் பரிசோதனை செய்துகொண்ட முதல் ஆள் அவர்தான் என்று வைத்துக்கொள்ளலாம்!

ஜியார்டியா ஒரே ஒரு செல் கொண்ட ஒட்டுண்ணி. புழுவும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பேரிக்காய் வடிவம். இரண்டு உட்கருக்கள் இரண்டு கண்களைப் போல நம்மையே முறைக்கும். நீந்துவதற்கு எட்டு இழைகள். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, கிட்டத்தட்ட அந்த அளவுதான் இருக்கும்.

இதற்கு இரண்டு வேடம். குடலுக்குள் இருக்கும்போது, வயிற்றுப் பகுதியில் உள்ள ஒட்டுத்தட்டால் சிறுகுடலின் மேல்பகுதிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பெருகும். கொழுப்பும் பால் சர்க்கரையும் சரியாகச் செரித்து உறிஞ்சப்படாது. எண்ணெய்ப் பசையான மலமும், பால் ஒத்துக்கொள்ளாததும் அதனால்தான். வெளியே வரும்போது வேடம் மாறும். கெட்டியான ஓடு ஒன்றுக்குள் சுருண்டுகொள்ளும். அந்த ஓட்டுக்குள் குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில்கூட உயிரோடு காத்திருக்கும். அப்படிப்பட்ட பத்து ஓடுகள் வாய்க்குள் போனாலே தொற்று வரலாம்.

பத்து என்பது ஒரு வாய்த் தண்ணீருக்குக்கூடத் தேவையில்லாத கணக்கு. டம்ளரை முகக்கும்போது விரல் படுமே, அது போதும்.

மலையிலிருந்து குழாய் வரை

வடசேரியிலிருந்து குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைக்குப் பேருந்து. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சாலை ஏறுகிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்த நேரம் என்பதால் ஒவ்வொரு ஓடையிலும் தண்ணீர். தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையையே பெரிதாக நம்பியிருக்க, குமரிக்கு இரண்டு பருவமழையும் தாராளம்.

கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. இது திருவிதாங்கூராக இருந்த காலம். மன்னர் ஸ்ரீமூலம் திருநாள். கட்டிய பொறியாளர் மிஞ்சின், அணைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். காடும் மலையும் சூழ, நீர்த்தேக்கம் கண்ணாடி மாதிரி கிடந்தது. குனிந்து ஒரு கை அள்ளிக் குடிக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். போன டிசம்பரில் எனக்கும் இப்படி ஓர் இடத்தில் தோன்றியது.

கண்ணுக்குத் தெளிவாக இருப்பதற்கும் சுத்தமாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்பதை உலகத்துக்கு ஓங்கிச் சொன்ன ஊர் ஒன்று உண்டு. நார்வேயின் பெர்கன். அதுவும் மழைக்குப் பேர் போன, மலை சூழ்ந்த நகரம். 2004 இலையுதிர் காலத்தில், நகரத்துக்குக் குடிநீர் தரும் ஒரு ஏரியில் கழிவுநீர் கசிந்து கலந்தது. ஆய்வகத்தில் உறுதியானவர்களே ஆயிரத்துக்கு மேல். நோயுற்றவர்கள் 5,000 முதல் 6,000 பேர் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். குளோரின் போட்ட தண்ணீர்தான். ஆனால் ஜியார்டியாவின் ஓடு வழக்கமான அளவு குளோரினுக்கு அவ்வளவு எளிதில் மசியாது.

அங்கே நடந்த இன்னொன்று எனக்கு முக்கியமாகப் பட்டது. ஜியார்டியா போய் மூன்று ஆண்டு கழித்து அந்த நோயாளிகளைக் கேட்டபோது, 46 சதவிகிதம் பேருக்கு எரிச்சல் குடல் நோய்க்கான அறிகுறிகள் இருந்தன. தொற்று வராத மற்றவர்களிடம் அது 14 சதவிகிதம்தான். ஒட்டுண்ணி கிளம்பிப் போன பிறகும் குடல் அதை நீண்ட நாள் மறப்பதில்லை. 'வயித்தாலதானே போகுது, தானா சரியாயிடும்' என்று விடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

பேச்சிப்பாறையிலிருந்து கீழே இறங்கினால் திற்பரப்பு. ஆறு பாறையில் விரிந்து அருவியாக விழுகிற இடத்தை ஒட்டி மகாதேவர் கோயில். மகா சிவராத்திரியின்போது பன்னிரண்டு சிவாலயங்களுக்கும் ஓடிச் சென்று வணங்கும் சிவாலய ஓட்டத்தில் இது மூன்றாவது கோயில். நான் போன அன்று பள்ளிக் குழந்தைகள் அருவிக்கு அடியில் வாயை 'ஆ'வென்று திறந்து தண்ணீரைப் பிடித்து, ஒருவர் மேல் ஒருவர் கொப்பளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவேளை நானும் அப்படித்தான் ஒரு மிடறு விழுங்கியிருப்பேனோ? அருவியில் குளிப்பதில் தப்பில்லை. குளிக்கிற தண்ணீரை விழுங்காமல் இருந்தால் போதும். வயிற்றுப்போக்கு இருப்பவர்கள் சில வாரங்களுக்குக் குளம், அருவி, நீச்சல் குளம் பக்கம் போகாமல் இருப்பது மற்றவர்களுக்குச் செய்யும் உதவி.

அங்கிருந்து திருவட்டாறு வழியாக மாத்தூர் தொட்டிப் பாலம். காமராஜர் காலத்தில் திட்டமிடப்பட்டு 1966-ல் முடிந்த பாலம். பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர் தொட்டியில் நடந்து போகிறது. பாசனத் தண்ணீர் அது. மேலே நின்று பார்த்தால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே எங்கும் வீடுகள். கிராமம் எங்கே முடிகிறது, நகரம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழும் மாவட்டம் இது. வீட்டுக்கு வீடு கிணறு. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. நான்கு சென்ட், ஐந்து சென்ட் மனையில் அந்த 50 அடிக்கு எங்கே போவது?

மழை பலமாகப் பெய்யும்போது மேலே கிடக்கும் அழுக்கெல்லாம் கிணற்றை நோக்கித்தான் ஓடும். தண்ணீர் நிறைந்த ஊருக்கு இருக்கிற தனிப் பிரச்னை அது.

எவரெஸ்டிலிருந்து நெய்யூருக்கு

மதியம் தக்கலையில் சாப்பிட்டுவிட்டு நெய்யூர் போனேன். குமரி மாவட்டத்தில் வயிற்றைப் பற்றிப் பேசிவிட்டு நெய்யூரைச் சொல்லாமல் போக முடியாது.

லண்டன் மிஷனின் மருத்துவப் பணி இங்கே 1838-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் ஊரின் பெயர் உலகுக்குத் தெரிந்தது ஒரு மலையேறியால். ஹோவர்டு சோமர்வெல். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்றவர். 1924-ல் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே ஏறத்தாழ 28,000 அடி வரை போனவர். 1922 பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, நெய்யூர் வந்தார். மருத்துவமனையில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே அறுவை மருத்துவராகச் சேர்ந்துவிட்டார். 1949 வரை தென் திருவிதாங்கூர் மக்களுக்கு மருத்துவம் பார்த்தார். பிறகு வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றினார்.

அவர் அதிகம் பார்த்தது எதை என்கிறீர்கள்? வயிற்றுப் புண். குறிப்பாக, இரைப்பையைத் தாண்டியதும் வரும் முன்சிறுகுடலில் வரும் புண். இந்தப் பகுதியில் அது அவ்வளவு அதிகம். அதற்கான அறுவை சிகிச்சையில் அவர் பெயர் பெற்றார். அந்தக் காலத்தில் பழி முழுக்கச் சாப்பாட்டின் மேல்தான். காரம், மரச்சீனி, பட்டினி, கவலை.

1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் வயிற்றுப் புண்ணுக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா ஒளிந்திருப்பதைக் கண்டார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி. யாரும் நம்பவில்லை என்று மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்தும் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்று பெரும்பாலான வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரையே போதும். கத்தி தேவைப்படுவது அபூர்வம்.

மருத்துவமனை வளாகத்து மரத்தடியில் உட்கார்ந்து இதை யோசித்துக்கொண்டிருந்தேன். ஜியார்டியா குடியிருப்பதும் அதே முன்சிறுகுடலின் அக்கம்பக்கம்தான். நூறு வருடத்துக்கு முன்னால் மரச்சீனி மேல் பழி. போன வருடம் என் வீட்டிலும் மரச்சீனி மேல்தான் பழி! என்ன சாப்பிட்டோம் என்று ஆயிரம் முறை யோசிக்கிறோம். என்ன குடித்தோம், கை எப்படி இருந்தது என்று ஒரு முறைகூட யோசிப்பதில்லை.

ஆச்சியின் இரண்டு பானைகள்

இரவு பூதப்பாண்டி பக்கம், தோழியின் பிறந்த வீட்டில் தங்கினேன். வீட்டின் தலைவி, தோழியின் ஆச்சி. எண்பதைத் தாண்டியவர். நான் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, "எடை குறஞ்சா பேதி பாக்காண்டாமா? இதுக்கு ஆறு வாரமா?" என்று ஒரே வரியில் என்னை முடித்துவிட்டார்.

ஆச்சியின் அடுக்களையில் இரண்டு பானைகள். ஒன்றில் சமையலுக்கான கிணற்று வெள்ளம். மற்றொன்றில் காய்ச்சி ஆறவைத்த குடிவெள்ளம். இரண்டாவது பானைக்கு மூடி, மூடி மேல் நீளக் காம்பு வைத்த அகப்பை. டம்ளரை நேராகப் பானைக்குள் விட்டால் யாராக இருந்தாலும் திட்டு விழும்.

"சூட்ட கொறைக்க பச்சவெள்ளம் கலக்கமாட்டீங்களா ஆச்சி?"

"கலக்கதுக்கா மக்ளே விறகெரிச்சு காய்ச்சுனேன்?"

ஜியார்டியாவின் பெயரை ஆச்சி கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அதைத் தடுக்கும் வழியை முழுசாகத் தெரிந்துவைத்திருக்கிறார். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் அந்த ஓடு செத்துவிடும். வெதுவெதுப்பாகச் சூடாக்கினால் போதாது. சீரகமும் சுக்கும் மணத்துக்கும் செரிமானத்துக்கும் நல்லது. ஆனால் கிருமியைக் கொல்வது கொதிதான். கொதித்த தண்ணீரில் ஒரு கை பச்சைத் தண்ணீர் கலந்தால், எரித்த விறகு வீண்.

அதே வீட்டில் ஒரு சின்ன ஓட்டையும் கண்ணில் பட்டது. இரவு மிஞ்சிய சோற்றில் பழங்கஞ்சிக்கு ஊற்றப்பட்டது கிணற்றிலிருந்து இறைத்த பச்சைத் தண்ணீர். காலையில் சின்ன உள்ளியும் மோரும் சேர்த்துச் சாப்பிடும் பழங்கஞ்சி குடலுக்கு நல்லது என்று எல்லோரும் கொண்டாடுகிறோம். அதற்கு ஊற்றும் தண்ணீரும் காய்ச்சி ஆறியதாக இருக்க வேண்டும் இல்லையா? ஆச்சியிடம் மெதுவாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது சரிதான்" என்று இரண்டாவது பானையைத் திறந்தார்.

தோழியின் ஆறு மாதக் குழந்தைக்கு அப்போதுதான் மட்டிப் பழம் மசித்து ஊட்டத் தொடங்கியிருந்தார்கள். குமரியில் குழந்தைக்கு முதல் பழம் என்றால் மட்டிதான். 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிய பழம். ஊட்டும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவிய தோழியைப் பார்த்ததும், ரயிலில் படித்த ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. வேலூர் உட்பட எட்டு நாடுகளின் எட்டு இடங்களில் பிறந்ததிலிருந்து குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. ஆறு மாதத்துக்கு முன்பே ஜியார்டியா தொற்றி, அது தொடர்ந்து உடலில் தங்கிய குழந்தைகள், இரண்டு வயதில் மற்ற குழந்தைகளைவிட உயரத்தில் பின்தங்கியிருந்தார்கள். அதைவிடக் கவலையான விஷயம், அவர்களுக்கு வயிற்றுப்போக்கு அதிகமாக வந்திருக்கவில்லை. அதாவது, வெளியே எந்தச் சத்தமும் இல்லாமல் உள்ளே ஊட்டச்சத்து திருடு போயிருக்கிறது.

"ஸ்கூல்ல பூச்சி மாத்திரை தருவாங்களே, அதுல போயிடாதா?" என்று கேட்டாள் தோழி. எல்லா அம்மாக்களும் கேட்கும் கேள்வி. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க நாளில் தரும் அந்த ஒற்றை மாத்திரை, உருளைப்புழு, கொக்கிப்புழு போன்ற புழுக்களுக்கானது. அதை அவசியம் போட வேண்டும். ஆனால் ஜியார்டியாவுக்கு அந்த ஒரு வேளை போதாது. பரிசோதனை செய்து, மருத்துவர் தரும் மருந்தைச் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். மீந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது.

எல்லோருக்கும் ஒரு கிணறு

மறுநாள் காலை கன்னியாகுமரி போகும் வழியில் சாமித்தோப்பில் இறங்கினேன். அய்யா வைகுண்டர் வாழ்ந்த ஊர். பதிக்குப் பக்கத்தில் முத்திரிக்கிணறு. வருகிற பக்தர்கள் அங்கே குளித்துவிட்டுத்தான் பதிக்குள் போகிறார்கள்.

பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூட ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு உரிமை இல்லாத 19-ம் நூற்றாண்டுத் திருவிதாங்கூர். அந்தக் காலத்தில் எல்லாச் சாதியினரும் ஒன்றாகப் புழங்க ஒரு கிணறு. அதோடு அவர் நிற்கவில்லை. 700 குடும்பங்களைக் கடலோரம் வாகைப்பதிக்கு அனுப்பி, தினமும் மூன்று வேளை குளித்து, துணி துவைத்து, ஒரு வேளை மட்டும் உண்டு வாழும் 'துவையல் தவசு' இருக்கச் சொன்னார் என்கிறது அய்யாவழி மரபு.

மைக்ராஸ்கோப் எட்டாத மக்களிடம், சுத்தத்தையே ஒரு தவமாகக் கொடுத்திருக்கிறார். கிணற்றடியில் நின்றபோது ஒன்று புரிந்தது. வயிற்று நோய் ஒரு ஆளின் பிரச்னையாகத் தெரிந்தாலும் அது ஊரின் பிரச்னை. என் வீட்டுத் தண்ணீரை நான் காய்ச்சிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுச் செப்டிக் டேங்கை நான் என்ன செய்ய முடியும்? உடைந்த குழாயை யார் ஒட்டுவது? நல்ல தண்ணீர் சிலருக்கு மட்டும் கிடைத்தால், ஒருவருக்கும் கிடைக்காததற்குச் சமம்தான்.

இதை மட்டும் மறக்காதீர்கள்

வயிற்றுப்போக்கோ உப்புசமோ ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், மருத்துவரைப் பாருங்கள். மலப் பரிசோதனை தேவையா என்று நீங்களே கேளுங்கள். ஒரு முறை ஒன்றும் இல்லை என்று வந்தாலும், வெவ்வேறு நாளில் மூன்று முறை வரை பார்க்க வேண்டியிருக்கலாம். ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் அது வேறு தொற்றாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் என்றால் காத்திருக்கவே வேண்டாம். அதுவரை உப்பு சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். கைகொடுக்கும்.

தண்ணீரைக் கொதிக்கவையுங்கள்; மூடி ஆறவையுங்கள்; பச்சைத் தண்ணீர் கலக்காதீர்கள். ஃபில்டர் வாங்கினால், ஒரு மைக்ரானோ அதைவிடச் சிறிய துளையோ உள்ளதா என்று பாருங்கள். ஊராட்சித் தொட்டியில் போடும் குளோரின் ஜியார்டியாவுக்கு முழுப் பாதுகாப்பு இல்லை என்றாலும், பாக்டீரியாக்களைக் கொல்ல அது அவசியம். அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கழிவறைக்குப் பிறகும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகும், சாப்பாட்டைத் தொடும் முன்பும் சோப்புதான். ஐஸும் தண்ணீர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

மீண்டும் வடசேரி

மாலை ரயிலுக்கு முன்னால் அதே சாயாக் கடை. அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சூடாவே வேணும், இல்லியா?" என்று சிரித்தார். இந்த முறை உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு நேராகக் கேட்டார். "கடைக்கு ஒரு நாளைக்கு அம்பது லிட்டர் வேணும் மக்ளே. எல்லாத்தையும் காய்ச்சி ஆறவைக்க கேஸுக்கு எங்க போவேன்? எனக்கு வாற வெள்ளமே நல்ல வெள்ளமா வந்தா, நான் ஏன் காய்ச்சப் போறேன்?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி நானோ அக்காவோ மட்டும் பதில் சொல்லக்கூடியது இல்லை. குழாயை, வாய்க்காலை, செப்டிக் டேங்கைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் எல்லோருக்கும் உரிய கேள்வி அது.

அடுத்த பெஞ்சில் ஒரு பாட்டா, பேத்தியோடு வந்து உட்கார்ந்தார். பிள்ளை தண்ணீர் கேட்டது. அக்கா பாத்திரத்திலிருந்து சீரக வெள்ளம் முகந்தார். பழக்கத்தில் கை குடத்தின் பக்கம் போனது. பிறகு நின்றது. இரண்டு டம்ளரை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு, சாயா ஆற்றுவதைப் போலவே உயரத் தூக்கி ஆற்றத் தொடங்கினார்.

"கொஞ்சம் பொறு மக்ளே. இப்ப ஆறிரும்."